தந்தியும் கையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில், "நீங்கள் வைத்திருந்த அல்லது வாசித்துப் பார்த்த கிதார்களில் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது எது?" என்று கேட்டிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. பதில் எழுதியவர்களைவிடத் திருப்பிக் கேள்வி கேட்டவர்களே அதிகம். அக்கேள்விகளில் சிலவற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மிகக் குறைந்த விலையில் வாங்கிய கிதாரில்தான் பழகி வருகிறேன். உலகப் புகழ்பெற்ற கலைஞர்கள் எல்லாரும் உயர்ந்த விலையுள்ள கிதார்களைத்தானே விரும்பியிருப்பார்கள்? நல்ல கிதார் வாங்கினால்தான் வாசிப்பு வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?
– மாணவர், காரைக்குடி

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன், தம்பி.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிதாரை முதலில் பார்ப்போம். 1969இல் அவர் வைத்திருந்த கிதார் உடைந்துபோய், பழுது பார்ப்பதற்காக நாஷ்வில் நகருக்கு அனுப்பப்பட்டது. அது இனித் தேறாது என்று சொன்ன பழுது பார்ப்பவர், தம்மிடம் இருந்த மார்ட்டின் என்-20 என்னும் நைலான் தந்திக் கிதாரை 750 டாலருக்குத் தருவதாகச் சொல்ல, நெல்சன் அதைக் கண்ணால் பார்க்காமலே வாங்கினார். திரைப்படக் குதிரை ஒன்றின் பெயரான 'டிரிக்கர்' என்பதை அதற்குச் சூட்டினார். அது விரலால் மீட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வகையாதலால், பிக் (தந்தியை மீட்ட விரலிடையில் பிடிக்கும் சிறு வில்லை) உரசாமல் மேற்பலகையைக் காக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சனோ பிக் பிடித்து வாசிப்பவர். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, ஒலித்துளைக்கும் பிரிட்ஜ் என்னும் தந்தி கட்டும் அடிக்கட்டைக்கும் நடுவில் பலகை தேய்ந்து, பெரிய ஓட்டை ஒன்று விழுந்துவிட்டது. வேறு எவராக இருந்தாலும் அந்தக் கிதாரை ஓரமாக வைத்திருப்பார். அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதையே மேடைக்கு எடுத்துச் செல்கிறார். டென்னசியில் இருந்த அவருடைய வீடு தீப்பற்றியபோது, எரிகிற வீட்டுக்குள் புகுந்து அதை மீட்டு வந்திருக்கிறார். கிதார் வாசிப்பவர்களின் பிடித்தமான கிதார் எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஓட்டைதான்.

அமெரிக்க புளூஸ் இசைக்கலைஞர் பி. பி. கிங்கின் கதையும் நெருப்பில்தான் தொடங்குகிறது. 1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்த நடனக்கூடத்தில் குளிர் காய்வதற்காக மண்ணெண்ணெய் எரியும் பீப்பாய் ஒன்றை வைத்திருந்தார்கள். இருவர் சண்டையிட்டு அதைக் கவிழ்த்துவிட, கூடம் தீப்பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்த கிங், கிதாரை விட்டுவிட்டதை உணர்ந்து திரும்பவும் தீக்குள் ஓடி அதை எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணின் பொருட்டு மூண்டது என்று பிறகு தெரிந்தது. இனி ஒருபோதும் அப்படி ஒரு மடமையைச் செய்யலாகாது என்று தமக்கே நினைவூட்டிக்கொள்வதற்காக, அன்று முதல் தம் கிதார்கள் எல்லாவற்றுக்கும் அவர் அந்தப் பெயரையே வைத்தார். அவர் பின்னாளில் வாசித்த வகைக் கிதாரில் ஒலிபெருக்கியின் சத்தம் திரும்பப் புகுந்து ஊளையிடும் தொல்லை இருந்ததால், மேற்பலகைத் துளைகளில் துணியைத் திணித்துக்கொண்டு வாசித்தார். 1980இல் கிப்சன் நிறுவனம் அவர் பெயரில் வெளியிட்ட கிதாரில் அத்துளைகளே இல்லை.

இப்போது அந்தப் பாதி உண்மை. தந்தி பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றால், விரல் வலியால் பழகுபவர் பாதியிலேயே விட்டுவிடுவார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி எஃகுத் தந்திக் கிதாரில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தச்சர் ஒரு சட்டத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பதுபோல, கிதாரின் கழுத்தைத் தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். வளைவு அதிகமாகத் தெரிந்தால் விவரம் அறிந்தவரிடம் கொடுத்துச் சரி செய்யுங்கள். புதிய கிதார் வாங்குவதற்கு முன் இதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கில் தொழில் பார்த்தபோது வாங்கி வந்த கிதார் ஒன்று இரண்டாம் கட்டு மாடியறையில் உறையோடு கிடந்தது. சென்ற மாதம் என் பேரன் அதற்குப் புதிய எஃகுத் தந்திகளைப் போட்டு இறுக்கினான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், தந்தி கட்டும் அடிக்கட்டை ஒரு பக்கம் பெயர்ந்து எழும்பி நிற்கிறது. இனி இது வீண்தானா?
– தேவகோட்டை வாசகி

பதில்: வீணில்லை ஆச்சி. இந்த வரியைப் படித்ததும் முதல் வேலையாகத் தந்திகள் ஆறையும் தளர்த்திவிடச் சொல்லுங்கள். ஒரு தந்தியை ஒரேயடியாக அவிழ்க்காமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். வீட்டில் இருக்கும் உடனடிப் பசை எதையும் அந்த இடைவெளியில் ஊற்றிவிட வேண்டாம்.

நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. அந்தக் கிதாரின் தலைப்பகுதியில் இரண்டு நீளமான துளைகள் இருக்கின்றனவா, கழுத்து நான்கு விரல் படுக்க வைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா, அடிக்கட்டையில் தந்தியை முடிச்சுப் போட்டுக் கட்டும்படி சிறு துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அது நைலான் தந்திக்கென்று செய்த கிதார். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவையைத் தரும். எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் அன்டோனியோ டி டோரெஸ் வகுத்துத் தந்த முறைப்படி, நைலான் கிதாரின் மேற்பலகைக்குள்ளே மெல்லிய குச்சிகளை விசிறிபோல் பரப்பி ஒட்டியிருப்பார்கள். பலகை தாராளமாக அதிர வேண்டும் என்பதற்காகச் செய்த மென்மை அது. எஃகுக் கிதாரில் இரண்டு தடித்த சட்டங்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கே ஓடி அந்த இழுவையைத் தாங்கும். பேரன் மீது குற்றமில்லை. கடையில் தந்தி கேட்டால் பெரும்பாலும் எஃகுத் தந்தியைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

மாடியறையும் தன் பங்கைச் செய்திருக்கும். ஓட்டுக்கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து ஊதும். இப்படிப் பல்லாண்டுகள் சுருங்கி விரிந்த பசை நொறுங்கிப்போயிருக்கும். ஒரு திருமண அழைப்பிதழின் ஓரத்தை அந்த இடைவெளியில் மெல்ல நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் பெயர்ந்திருக்கிறது. எழும்பிய கட்டையின் அடிப்பாகம் வழவழப்பாகவும் பழைய பசை தேன்நிறத்தில் படிந்தும் தெரிந்தால், பசை மட்டுமே விட்டிருக்கிறது. அனுபவமுள்ளவர் பழைய பசையை நீக்கிப் புதிதாக ஒட்டிப் பிடிமானம் போட்டு ஒருநாள் வைத்தால் முன்போல் ஆகிவிடும். கட்டையோடு மேற்பலகையின் நார்களும் பிய்ந்து வந்திருந்தால் வேலை சற்றுக் கூடும், அவ்வளவே. எவராவது திருகாணி அடித்து முடுக்கிவிடலாம் என்று சொன்னால் கிதாரை உடனே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பட்டறிந்தவனாகச் சொல்கிறேன்; கடைசிக் கேள்வியில் அந்தக் கதை வரும்.

ஒரு டார்ச் விளக்கை ஒலித்துளைக்குள் காட்டி, உள்ளே செய்தவர் பெயர் ஒட்டிய தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனி அதைக் கீழ்க்கட்டில், வெயில் படாத உட்சுவரை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். முற்றத்துச் சாரல் எட்டும் இடம் வேண்டாம். கோடையில், ஓட்டை போட்ட சோப்புப் பெட்டிக்குள் நன்றாகப் பிழிந்த பஞ்சுத் துண்டை வைத்து உறைக்குள் போட்டுவிட்டால் மரம் வெடிக்காது. சரி செய்து வந்ததும் நைலான் தந்தி போட்டுப் பேரனிடமே கொடுங்கள்.

கேள்வி: நான் தச்சுத் தொழில் செய்பவன். இடிக்கப்படும் வீடுகளின் தூணும் நிலையும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. இங்கிலாந்துக் கலைஞர் ஒருவர் பழைய வீட்டுக் கட்டையில் தாமே கிதார் செய்து உலகம் முழுவதும் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். பர்மாத் தேக்கில் அப்படிச் செய்ய முடியுமா?
– தச்சர், காரைக்குடி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது 'குயீன்' என்னும் ராக் இசைக்குழுவின் பிரையன் மே. 1963இல், பதினாறு வயதில், மின்னணுப் பொறியாளரான தம் தந்தையோடு சேர்ந்து அவர் அந்தக் கிதாரைச் செய்யத் தொடங்கினார். கடைக் கிதார் வாங்க வீட்டில் வசதி இல்லை. கழுத்துக்குப் பழைய வீடொன்றின் கணப்படுப்பு முகப்பிலிருந்து எடுத்த மகோகனிக் கட்டை. அதில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரம். சுருதியை அசைக்கும் கருவியில் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். ஃப்ரெட் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடித்த 'ரெட் ஸ்பெஷல்' என்னும் அந்தக் கிதாரைப் பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாகப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டி, 2002இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்றும் வாசித்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின்கிதாரின் உடலுக்கும் கழுத்துக்கும் பழைய தேக்குத் தாராளமாகப் பயன்படும். நூறு ஆண்டுகள் தூணாக நின்ற மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. மகோகனியைவிடச் சற்றுக் கனம் கூடுதல், அதனால் உடலைக் கொஞ்சம் குடைந்து எடை குறைக்கலாம். தேக்கின் எண்ணெய்ப் பசை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒட்டுவதற்குச் சற்று முன்பு முகத்தை இழைத்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, தாமதிக்காமல் ஒட்டுங்கள். மேற்பலகை அதிர்ந்து ஒலிக்க வேண்டிய சாதாரணக் கிதாருக்கு மட்டும் தேக்கு வேண்டாம். அந்தப் பலகை எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்புரூஸ், சிடார் போன்ற குளிர்நாட்டு மரங்களையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் நம் பக்கத்து மரமே உலகப் புகழ் பெற்றது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அரிதாகிப்போனபோது, 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992இல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் தென்னிந்திய மரம்தான் இன்று உலகின் எண்ணற்ற கிதார்களின் முதுகாக இருக்கிறது. உடைந்த ஈட்டிப் பலகை கைக்கு வந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

தச்சுவேலையில் தேர்ந்தவர்களும் தடுமாறும் இடம் ஃப்ரெட்டின் இடைவெளி. தந்தியின் ஒலிக்கும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால், தலைப்பக்கக் கட்டையிலிருந்து முதல் ஃப்ரெட்டின் தூரம் கிடைக்கும். நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃப்ரெட் 36.4 மில்லிமீட்டரில் வரும். மிச்ச நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக 324இல், பாதி நீளத்தில், விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை. அரை மில்லிமீட்டர் தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முழுதாக நிற்கும் நிலையையோ செதுக்குவேலை உள்ள கதவையோ இதற்காக அறுக்காதீர்கள். ஏற்கெனவே பிளந்த தூண்களே கடைகளில் வேண்டிய அளவு கிடக்கின்றன.

கேள்வி: பழைய கிதார்கள் கோடிக்கணக்கில் ஏலம் போவது ஏன்?
– புதுவயல் வாசகர்

பதில்: வாசித்த கைக்காகத் தரும் விலை அது. இங்கிலாந்துக் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் வாங்கிய ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் வகைப் பழைய மின்கிதார்களில் மூன்றைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பாகத்தை எடுத்துப் பூட்டிய 'பிளாக்கி' 2004இல் 9,59,500 டாலருக்குப் போனது. 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் டேவிட் கில்மர் 1970இல் நியூயார்க் கடையொன்றில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019இல் 39,75,000 டாலருக்கு விற்றது. அந்த ஏலத்தின் வருவாயை அவர் சுற்றுச்சூழலுக்காகச் சட்டவழியில் போராடும் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 'நிர்வாணா' குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1993இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாசித்த மார்ட்டின் டி-18இ 2020இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. மூன்றுமே தொழிற்சாலையில் செய்து கடையில் விற்ற கிதார்கள் அல்லது அவற்றின் பாகங்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: வாய்ப்பாட்டு கற்கிறேன். கிதாரில் கமகம் வராது என்று என் ஆசிரியை சொல்கிறார். நம் இசையை வாசித்தவர்கள் எப்படிப்பட்ட கிதாரை விரும்பினார்கள்?
– மாணவி, கானாடுகாத்தான்

பதில்: ஆசிரியை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கமகம் என்பது சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிப்பது. வீணையில் மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், தந்தியை இழுக்கவும் அழுத்தவும் இடம் உண்டு. கிதாரில் ஃப்ரெட்டுக்கு இடையே விரல் உடனே மரத்தைத் தொட்டுவிடும். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளித்தான் சுரத்தை ஏற்ற முடியும். இங்கிலாந்துக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இந்த இடத்தில்தான் கை வைத்தார். முனைவர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற அவர், 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்தபோது, கிப்சன் நிறுவனத்தின் கைவினைஞர் ஏப்ரகாம் வெக்டரைக் கொண்டு ஒரு கிதார் செய்வித்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் படகின் உட்புறம்போல் குழிவாகச் செதுக்கியிருந்ததால், விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டுமே தொட்டது. ஒலித்துளைக்கு மேலே சரிவாக, சுருதி சேர்க்கும் ஏழு தந்திகள் தனியே ஓடின. தனக்கு வேண்டிய சுரத்துக்காகக் கருவியின் உடலையே மாற்றிய அந்தக் கிதாரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

விஸ்வமோகன் பட் வேறு வழி கண்டார். கிதாரை மடியில் கிடத்தி, ஃப்ரெட்டை மறந்து, உலோகத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் அவருடைய மோகன வீணைக்கு, அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் செய்த இசைத்தட்டின் வழியாக 1994இல் கிராமி விருது கிடைத்தது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸோ ஐந்தே தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கமகம் மிகுந்த தோடி ராகத்தையே பாட வைத்தார். ஆகவே வராது என்பதை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

தொடக்கத்தில் முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேலைநாட்டு மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரணத்தில் அமைந்த அவற்றில் கமகம் இல்லை. கிதாரில் இயல்பாக அமரும். பிறகு மோகனம், ஹம்ஸத்வனி. ஒரே தந்தியில் விரலை எடுக்காமல் நகர்த்தி ஜாரு பழகுங்கள். நீங்கள் பாடத் தெரிந்தவர். எந்த இடத்தில் கை பொய் சொல்கிறது என்று உங்கள் காது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போகும்போது கிதாரைக் காரிலேயே வைத்துவிட்டுச் செல்லலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் பசை இளகி, பிரிட்ஜும் கழுத்தும் அசைந்துவிடும். கையோடு எடுத்துச் சென்று நிழலில் வையுங்கள்.

கேள்வி: எல்லாருடைய கிதாரையும் பற்றி எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பிடித்த கிதார் எது?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: நான் வாசித்தவற்றில் ஒலியால் மிகச் சிறந்தது என்னுடையது அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில், ஸ்பெயினில் கையால் செய்த கிதார் ஒன்றைக் கால் மணி நேரம் வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தேன். ஒலி அறையில் நின்றது. அடங்கும்போதுகூட அதன் உருவம் சிதையாமல் அடங்கியது. நெஞ்சோடு அணைத்திருந்த பின்பலகையின் அதிர்வு விலா எலும்பில் தெரிந்தது. அதற்குப் பிறகு பல கிதார்களில் அதைத் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

பிடித்தது என்று கேட்டால், 1991இல் திருச்சியில் இரண்டாம் கையாக வாங்கிய, கொல்கத்தாவில் செய்த கிதார். வாங்கிய மூன்றாம் ஆண்டில் அதன் பிரிட்ஜ் பெயர்ந்தது. பழுது பார்க்கக் கொடுத்த கடையில், என்னைக் கேளாமலே இரண்டு திருகாணிகளை மேற்பலகை ஊடுருவ அடித்துத் தந்தார்கள். ஒரு திருகாணியின் வழியே பலகையில் விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. அன்று வீடு வரும்வரை பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறைதான். பின்னர் காரைக்குடித் தச்சர் ஒருவர் அந்தத் திருகாணியைக் கழற்றி, துளையில் தேக்குக் குச்சியைச் செருகி அடைத்து, விரிசலுக்குள் பசையை ஊட்டி, உள்ளே சிறு கட்டை ஒட்டிக் கொடுத்தார். மற்றொரு திருகாணி இன்றும் அப்படியே இருக்கிறது. எடுத்தால் பலகை தாங்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

அதன் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மெல்லிய தந்திகளுக்குக் கீழே, நகத்தால் தடவினால் தெரியும் குழிகள் விழுந்துள்ளன. என் வலது முழங்கை படியும் இடத்தில் வார்னிஷ் போய்ப் பிறைபோல் மரம் வெளுத்திருக்கிறது. எந்தச் சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி வாங்க வேண்டும், எதை மெல்லத் தொட்டாலே போதும் என்று என் விரல்கள் என்னைக் கேளாமலே செய்கின்றன. வேறு நல்ல கிதாரில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் அந்தத் தவறான அழுத்தத்தையே கை கொடுக்கிறது. சித்திரை பிறந்ததும் அதன் ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் கரகரக்கத் தொடங்கும். ஐப்பசியில் நல்ல மழை விழுந்து மரம் ஈரம் பிடித்த பிறகு தானே நின்றுவிடும். இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் இன்று காலையில் எடுத்து மீட்டிப் பார்த்தேன். மழை இன்னும் வரவில்லை, கரகரப்பு இருக்கிறது.